மாத்தியாச்சு

பூனையின் பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது விரலில் ஒரு காய்ப்பு தட்டுப்பட்டது.

அவன் துணியை வைத்துவிட்டு வெறும் கட்டைவிரலால் தடவினான். கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் தோல் தடித்து, பழைய செருப்பின் அடிபோலக் கெட்டியாகி, லேசாக மேடு கட்டியிருந்தது. நேற்றுக் காலை துடைத்தபோது அங்கே மெல்லிய மடிப்புகள்தான் இருந்தன. வேறு யாராவது என்றால் கட்டி என்று நினைத்திருப்பார்கள், பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவனுக்கு அது என்ன என்று தெரியும். அவனுடைய இன்னொரு கை அவனை அறியாமல் தன் பிடரிக்குப் போனது. அதே இடம், அதே மேடு. வருஷக்கணக்கில் மூட்டை ஏறி இறங்கிய கழுத்தில் மட்டும்தான் அது விழும். எலியைக்கூடத் தூக்கியிராத பூனை இது.

பூனை திரும்பிப் பார்த்தது. பிறகு வழக்கம்போல நாடியைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து மடிப்பைத் துடைத்துவிடு என்று காத்திருந்தது.

பல் டாக்டரம்மாவின் பூனை அது. உடம்பில் பெயருக்குக்கூட ஒரு முடி கிடையாது. மீசையும் கிடையாது, இமை மயிரும் கிடையாது. முகத்தைவிடப் பெரிய காதுகள், நெற்றி நிறையச் சுருக்கம், தோளிலும் அக்குளிலும் தொங்குகிற தோல். முதல் தடவை பார்த்தபோது வெந்நீரில் முக்கி எடுத்த கோழிதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. சொறி பிடித்துக் கொட்டிவிட்டதா என்று கேட்டுவிட்டான். டாக்டரம்மா சிரித்துவிட்டு, இதன் ஜாதியே இப்படித்தான், உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறது என்றார். சுருக்கத்தைப் பார்த்து அதற்குக் கிழவன் என்று பெயர் வைத்திருந்தார்.

மகளுக்குப் பிரசவம் என்று அவர் வெளியூருக்குக் கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். முடி இருக்கிற பூனைக்கு உடம்பில் ஊறுகிற எண்ணெயை முடி வாங்கிக்கொள்ளும். இதற்கு வாங்க ஆளில்லை. விட்டால் தோல் பிசுபிசுத்து, உட்கார்ந்த இடமெல்லாம் பழுப்புக் கறையாகும். அதனால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். கழுத்து மடிப்பு, அக்குள், விரலிடுக்கு, காதுக்குள் சேரும் கறுப்பு மெழுகு. வாரம் ஒரு குளியல். குளிர் ஆகாது, வெயிலும் ஆகாது. படுக்கை விரிப்பைத் தினமும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட, தனியாக மட்டும் விடக் கூடாது. மனிதச் சூடு இல்லாவிட்டால் இது சாப்பாட்டை நிறுத்திவிடும், குழந்தைபோலக் கத்தும். ராத்திரி போர்வைக்குள் புகுந்து விலாவோடு ஒட்டிக்கொண்டுதான் தூங்கும்.

“அழுத்தாதீங்கண்ணா. தூங்கற பிள்ளையோட கன்னத்தைத் தொடற மாதிரி” என்றார்.

சாக்கு மூட்டையின் காதைப் பிடித்து இழுத்துப் பழகிய கை அவனுடையது. முதுகெலும்பு நழுவி, கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலை போன பிறகு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும் கதவு திறக்கவும் இந்த வீட்டில் சேர்ந்தவன். அந்தக் கைக்கும் பூனையைத் துடைப்பது வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் சூடாக, உரித்த பழம்போல வழுக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து உறுமிக்கொண்டு அது கிடக்கும்போது அவனுக்கே பிடித்திருந்தது. அது பிடித்திருந்ததுதான் அவனுக்கு வெட்கம்.

ஏனென்றால் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டின ஒற்றை அறையில், அவன் அப்பா படுத்திருந்தார்.

அந்த அறை டாக்டரம்மா கொடுத்தது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன மனிதரை வைத்துக்கொள்ள வேறு யாரும் வீடு கொடுக்கவில்லை. கிழவனுக்கு ஒன்று ஆனால் இந்த வேலை போகும், வேலை போனால் அறை போகும், அறை போனால் அப்பா தெருவில் கிடப்பார். ஆகவே அப்பாவுக்காகத்தான் பூனையைப் பார்க்கிறேன் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டு பூனையோடு டாக்டரம்மாவின் மெத்தையில் படுத்தான். அப்பாவின் அறைக் கதவை ஒரு நாளில் இரண்டு தடவை திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கஞ்சித் தட்டை முக்காலியில் வைத்துவிட்டுப் பழைய தட்டை எடுத்து வந்தான்.

அம்மா இருந்தவரை அப்பாவைத் துடைப்பது, புரட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அம்மா. அம்மா போன பிறகு அவன் ஒரே ஒரு தடவை முயன்றான். அப்பா நடுங்குகிற இடது கையால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் ஓடியது. லாரிக்காரர்கள் ‘பெரிய மூட்டை’ என்று கூப்பிட்ட மனிதர், முறுக்கின மீசையோடு இரட்டை மூட்டையை ஒற்றைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறியவர். அவன் துணியைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்று நினைத்தான். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அப்பாவுக்குப் பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்தான். இடது கையில் இருக்கும் தகர டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். டொக், டொக். பிறகு அந்தச் சொல்.

“மாத்து.”

துணியை மாற்று, பக்கத்தை மாற்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது கிட்டங்கிச் சொல். பெரிய பாரத்தோடு பலகை ஏறுகிறவன் பாதி வழியில் மூச்சு முட்டினால் ‘மாத்து’ என்பான். அடுத்தவன் கீழே குனிந்து பிடரியைக் கொடுப்பான். பாரம் முழுக்கத் தன் கழுத்தில் இறங்கியது தெரிந்த பிறகுதான் ‘மாத்தியாச்சு’ என்பான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதல் ஆள் கழன்றுகொள்வான். திரும்பிப் பார்ப்பது கிடையாது. பார்க்கவும் முடியாது. பிடரி கொடுக்காமலே மாத்தியாச்சு என்று விளையாட்டுக்குச் சொன்ன ஒருவனால் இன்னொருவனுக்கு இடுப்பு போனது. அன்று அப்பா இவன் காதைத் திருகிச் சொன்னது, “பொய் சொல்லணும்னா பொண்டாட்டிகிட்ட சொல்லு, சாமிகிட்ட சொல்லு. சுமைக்கு அடியில நின்னு சொல்லாத.”

டாக்டரம்மா சாயங்காலமானால் போனில் முகம் காட்டிப் பேசுவார். பின்கட்டு வாசல் பக்கம் வந்தால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், அவன் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நின்று சத்தமாகப் பதில் சொல்வான். கிழவன் நல்லா சாப்பிட்டான்மா. கிழவனை வெந்நீர்ல துடைச்சேன்மா. கழுத்து, அக்குள், ஒண்ணு விடல. கிழவன் என்கூடத்தான் படுத்துக்கறான். எட்டடி தள்ளி ஜன்னலுக்குள், துடைக்கப்படாத கிழவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்கிறார் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. குரலைத் தாழ்த்தலாம் என்றுகூடத் தோன்றியிருக்கிறது. தாழ்த்தினால் டாக்டரம்மாவுக்குக் கேட்காது.

காய்ப்பு விழுவதற்கு முந்தின சாயங்காலமும் அப்படித்தான் நின்றான். விரிப்பு மாத்தினீங்களா என்று டாக்டரம்மா கேட்ட அதே நேரத்தில் ஜன்னலுக்குள் டம்ளர் தட்டியது. “மாத்து” என்றது குரல். அவன் போனைப் பார்த்து, போனுக்காக, சத்தமாகச் சொன்னான்.

“மாத்தியாச்சு.”

டம்ளர் சத்தம் நின்றது. உள்ளே ஒரு நீண்ட மூச்சு வெளியே போனது. பாரத்தை இறக்கி வைத்தவன் விடுகிற மூச்சு. அது அவனுக்கு நன்றாகக் கேட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான்.

காய்ப்புக்குப் பிறகு வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் வந்தது. பூனை மெத்தையிலிருந்து குதிக்கும்போது வலது முன்காலை ஊன்றவில்லை, மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டது. பிறகு குதிப்பதையே விட்டுவிட்டு, ஒரு பக்கமாக, சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தது. உறுமல் போய்விட்டது. ஒரு மத்தியானம் அதன் இடுப்பைத் துடைக்கப்போனபோது உடம்பை இழுத்துக்கொண்டது. இதுவரை எங்கே தொட்டாலும் கொடுத்த மிருகம். விளக்கைப் போட்டுக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். எலும்பு துருத்துகிற இடத்தில் தோல் சிவந்து, நடுவில் வெளுத்து, ஓரம் ஈரமாக இருந்தது. வாசனை வந்தது. ஊறின சாக்கு, பழைய மூத்திரம், அதற்கடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. பின்கட்டு அறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டது இந்த வாசனைக்குத்தான்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் மறைக்க முடியவில்லை. போனைப் புண்ணருகே பிடித்தான்.

“இது ஒரே பக்கமா போட்டு வெச்சா வர்ற புண்ணுண்ணா” என்றார். “கிழவனை அப்படியே போட்டுட்டு நீங்க எங்கயாச்சும் போயிடறீங்களா?”

“இல்லம்மா. கூடவேதான் இருக்கேன்.”

“ஈரம் தங்க விடாதீங்க. புரட்டிப் புரட்டிப் படுக்க வைங்க. பாவம், அதால வாய் திறந்து சொல்ல முடியுமா?”

ஜன்னலுக்குள் சத்தமே இல்லை. அவனுக்குக் காது மடல் எரிந்தது. மருந்து போட்டான், புரட்டிப் படுக்க வைத்தான், பஞ்சை வைத்து எலும்புக்கு மெத்தை கட்டினான். என்ன செய்ய வேண்டும் என்பது எல்லாமே அவனுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாளும் தெரிந்தே இருந்தது.

முக்காலியில் இருந்து எடுத்து வருகிற கஞ்சித் தட்டு இப்போதெல்லாம் கழுவினதுபோல இருந்தது. ஒரு பருக்கை ஒட்டியிருக்காது. நக்கின தடம் மட்டும் வட்டமாகக் காய்ந்திருக்கும்.

கிட்டங்கி நண்பன் கொக்கி வந்தது அந்த வாரத்தில்தான். மூட்டை இழுக்கிற கொக்கியை இடுப்பிலிருந்து எடுக்கவே மாட்டான் என்பதால் அந்தப் பெயர். வந்தவன் பூனையைப் பார்த்து, “டேய், இதுக்குத் துணி தைக்கக் காசில்லையா உன் டாக்டருக்கு?” என்றான். பிறகு பெரிய மூட்டையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்கட்டுக்குப் போனான். பூனையைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லி இவன் கூடப் போகவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, கொக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வருவான், ஊரெல்லாம் சொல்வான் என்று காத்திருந்தான்.

கொக்கி சிரித்துக்கொண்டே வந்தான்.

“சின்ன மூட்டை, உன்னைச் சும்மா சொல்லக் கூடாதுடா. அப்பனை இப்படி எவன் வெச்சிருக்கான்? கையைப் பிடிச்சேன், வழுவழுன்னு இருக்கு. நம்ம கையெல்லாம் உப்புத்தாளு. தெனம் எண்ணெய் தேச்சுத் துடைக்கறியா?”

அவன் தலையை ஆட்டினான். ஆட்டியிருக்க வேண்டியதில்லை.

“ஆனா மீசைய எதுக்குடா எடுத்த? பாதி லாரிக்காரன் அந்த மீசைக்குத்தான் பயந்தான். புருவத்தைக்கூட விடல நீ. முட்டை மாதிரி இருக்காரு.”

அவன் அப்பாவுக்குச் சவரம் செய்யவில்லை. பூனை சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

“உடம்புதான் கொதிக்குது, காய்ச்சலான்னு பாரு” என்று கொக்கி வாசலில் செருப்பை மாட்டினான். “நாடியத் தொட்டேன்டா. அப்படியே தூக்கிக் காட்டிக் கண்ண மூடிக்கறாரு. கொழந்தை மாதிரி.”

கொக்கி போன பிறகு அவன் பின்கட்டு அறை வரைக்கும் போனான். கதவில் கை வைத்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் பழைய வாசனை இல்லை. கதகதப்பாக, பிசுக்காக, வேறொரு வாசனை. கூடவே ஒரு சத்தம். அடித்தொண்டையில், சீராக, எங்கோ தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி. திறந்து பார்த்திருக்கலாம். திறந்தால், பார்க்காமல் விட்ட நாளெல்லாம் சேர்ந்து அவனைப் பார்க்கும். கையை எடுத்துக்கொண்டான். அன்றைய தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் மத்தியானத்திலிருந்து மழை. விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போனது. பூனை போர்வைக்குள் கிடந்தது. வெகு நேரமாக அசைவில்லை. வீட்டுக்குள் ஓட்டில் விழுகிற மழைச் சத்தம் ஒன்றுதான். அதற்குள்ளிருந்து, பின்கட்டிலிருந்து, பல நாளுக்குப் பிறகு டம்ளர்.

டொக். டொக்.

தட்டுகிற பலம் குறைந்திருந்தது. ரொம்பக் குறைந்திருந்தது. அவனுக்குத் திடீரென்று, அப்பா இன்று ராத்திரியைத் தாண்ட மாட்டார் என்று பட்டது. எழுந்தான். யோசித்தால் நின்றுவிடுவோம் என்று யோசிக்காமல் அடுப்பை மூட்டினான். பூனைக்கு வைக்கிற சின்னக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தான். புறங்கையில் ஊற்றிச் சூடு பார்த்தான். டாக்டரம்மாவின் அலமாரியிலிருந்து நல்ல துண்டாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். நடந்து போகும்போது சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அப்பா, வெக்கப்படாதீங்க. நான்தான். நம்ம ரெண்டு பேரும்தான்.

மழையில் நனைந்தபடி காலால் கதவைத் தள்ளினான்.

“மாத்து” என்றது இருட்டு.

குரல் சின்னதாக இருந்தது. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு டார்ச்சை அடித்தான். கட்டில் விரிப்பில் தலையிலிருந்து கால் வரை பழுப்புக் கறை. ஆள் படுத்த அளவுக்கு. தோள், இடுப்பு, மடங்கிய முழங்கால், எல்லாம் வரைந்ததுபோல. அந்தக் கறையின் நடுவில், அப்பாவின் வேட்டிக்கு அடியில், ஒரு சின்ன மேடு.

வேட்டியைத் தூக்கினான்.

பூனை. வலது கால் நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது. இடது கால் தகர டம்ளர்மேல். இடுப்பில் புண் திறந்து, உள்ளே வெள்ளையாக என்னவோ நெளிந்தது. அவன் கட்டிவிட்ட பஞ்சு இல்லை. அவன் போட்ட மருந்தும் இல்லை. யாரும் ஒருநாளும் தொடாத புண்.

அது அவன் முகத்தைப் பார்த்தது. பிறகு சுவரைப் பார்த்தது.

நடுங்குகிற காலை நீட்டி, நகத்தால் வேட்டியின் ஓரத்தைக் கொக்கி போட்டு, இழுத்தது. மெல்ல. இடுப்பை மூடிக்கொண்டது.

கண்ணில் தண்ணீர் ஓடியது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

அவன் ஓடினான். பாத்திரம் கவிழ்ந்தது. வெந்நீர் காலில் பட்டது. முற்றம். அடுப்படி. கூடம். கையில் துண்டு இருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மாவின் அறை. கட்டில். போர்வை.

போர்வைக்குள் இருந்த மேடு நீளமாக இருந்தது.

அதற்குள் மாவு மில் ஓடுகிற சத்தம்.

பழகின கட்டைவிரல் போனை எடுத்தது. திரை வெளிச்சம் கட்டிலில் விழுந்தது.

“இன்னிக்கு ரூமுக்குள்ளயே சிக்னல் கிடைக்குதே. கிழவனைக் காட்டுங்கண்ணா” என்றார் டாக்டரம்மா.

போர்வையை விலக்கினான்.

முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தது. ஆள் அளவுக்கு. ஒரு முடி இல்லை. மீசை இருந்த இடம் வழுவழுவென்று மின்னியது. தினமும் துடைத்த தோல். கழுத்து, அக்குள், விரலிடுக்கு, ஒன்று விடாமல் துடைத்த தோல். இரண்டு கையும் மெத்தையைப் பிசைந்துகொண்டிருந்தன. வலது கையும். பிடரியில் காய்ப்பு இல்லை. பாரம் ஏறிய அடையாளமே இல்லாத கழுத்து.

அப்பா, என்று வாயை மட்டும் அசைத்தான்.

கண் திறந்தது. பூனைக் கண்ணாக, எலுமிச்சை மஞ்சளில். அவனைப் பார்த்தது. யார் என்று தெரிந்த கண் இல்லை. சூடு எங்கே என்று மட்டும் தெரிந்த கண்.

“ஐயோ, புண்ணெல்லாம் ஆறிடுச்சே!” தன் பூனையைத்தான் பார்ப்பதுபோல டாக்டரம்மாவின் குரல் தழுதழுத்தது. “எங்கப்பாவைக்கூட நான் இப்படிப் பாத்துக்கிட்டதில்லண்ணா.”

பின்கட்டில் டம்ளர். டொக்.

“விரிப்பு மாத்தியாச்சா?”

டொக்.

கட்டிலில் கிடந்தது நாடியைத் தூக்கியது. கண்ணை மூடிக்கொண்டது. கழுத்து மடிப்பைக் காட்டியபடி, காத்திருந்தது. துண்டைப் பிடித்த அவன் கை, அழுத்தாமல், தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுவதுபோல, தானாக அங்கே போனது.